பிரஷ் கட்டர்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? வீட்டில் வைத்துப் பராமரிக்க எது சுலபம்

புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து எத்தனை சிசி என்று கேட்கிறார்கள். இந்த எஞ்சினை வீட்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வீட்டைச் சுற்றி இருபது முப்பது சென்ட், அல்லது சின்னத் தென்னந்தோப்பு. மழைக்காலத்தில் மாதம் ஒன்றிரண்டு முறை ஓடும், மிச்ச நாளெல்லாம் மோட்டார் ரூம் சுவரில் தொங்கும். நான் இங்கே ஒப்பிடுவது இந்த உபயோகத்துக்குத்தான். தினமும் கூலிக்கு வெட்டப் போகிறவருடைய கணக்கு வேறு.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக இருக்கும். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "டூ ஸ்ட்ரோக் என்றால் கோளாறு, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பிரச்சினையே இல்லை" என்று விற்பவர்கள் சொல்வது பாதிதான் சரி. கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகும் நாட்களில், காரணம் பெரும்பாலும் பெட்ரோலும் கார்புரேட்டரும்தான். அது இரண்டுக்கும் பொது. இந்தச் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வகைக் கார்புரேட்டர். பிரைமர் பல்பு (அழுத்திப் பெட்ரோல் ஏற்றும் குமிழ்), டேங்குக்குள் கிடக்கும் சின்ன ஃபில்டர், மெல்லிய டியூப், எல்லாம் ஒரே அமைப்பு. டேங்கில் பெட்ரோலை விட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தால், எந்த எஞ்சினாக இருந்தாலும் முரண்டு பிடிக்கும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-ல் அறிமுகமாகி 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. இந்த வகை எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றிலும் 10 சதவீதம் வரைதான் எத்தனால் இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் ரப்பர் டியூபும் டயாஃப்ரமும் விறைத்துப்போகும். ஈரம் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும்.

இந்த இடத்தில் டூ ஸ்ட்ரோக்குக்கு ஆபத்து கூடுதல். அதற்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. அடியில் பிரிந்து நிற்கும் தண்ணீரில் அந்த ஆயில் சேராது. டேங்கு ஃபில்டரோ அடியில்தான் கிடக்கிறது. ஸ்டார்ட் ஆனாலும் ஆயில் இல்லாத கலவைதான் உள்ளே போகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதே நிலை வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, திணறும், அவ்வளவுதான். ஆயில் தனியாக இருப்பதால் பிஸ்டனுக்கு உடனே கேடு இல்லை.

அப்புறம் கலவை விகிதம். டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர் ஓட்டிய தலைமுறைக்கு ஆயில் கலப்பது கைவந்த வேலை. 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தபிறகு மொபெட்டிலும் அந்தப் பழக்கம் போய்விட்டது. இன்றைக்குப் பிரஷ் கட்டர் வாங்கும் பலர் ஆயில் கலந்ததே இல்லை. கையேட்டில் 50-க்கு 1 என்று இருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றால் 40 மி.லி. ஸ்டில் (Stihl) நிறுவன எஞ்சின்களில் அந்நிறுவனத்தின் ஆயில் என்றால் 50-க்கு 1, மற்ற ஆயில் என்றால் 25-க்கு 1 என்று கையேட்டிலேயே பிரித்துச் சொல்லியிருக்கும். மூடியில் ஊற்றிக் குத்துமதிப்பாகக் கலக்காதீர்கள். மெடிக்கலில் 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும். ஆயில் டப்பாவில் ஜாசோ எஃப்டி (JASO FD) தரம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் மட்டுமே குளிர்ந்துகொண்டு முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கு அதுதான் நல்லது. கரியும் குறைவாகச் சேரும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கின் வேலை வேறு மாதிரி. பங்கில் பிடித்த பெட்ரோலை ஆயில் கலக்காமல் ஊற்றலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஆயில் அளவு பார்த்தே தீரவேண்டும். ஹோண்டா ஜிஎக்ஸ்35-ஐ எடுத்துக்கொள்வோம். 35.8 சிசி எஞ்சின், உள்ளே இருக்கும் ஆயில் வெறும் 100 மி.லி. அதில் பாதி குறைந்தாலே ஆபத்து. எஞ்சினைச் சமமாக வைத்து மூடியைத் திறந்தால் ஆயில் துவாரத்தின் விளிம்புவரை நிற்க வேண்டும். முதல் மாதத்திலோ 10 மணி நேரத்திலோ ஒருமுறை மாற்ற வேண்டும், பிறகு ஆறு மாதம் அல்லது 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஸ்கூட்டருக்கு வாங்கும் 10டபிள்யூ-30 ஆயில் ஏபிஐ எஸ்ஜே (API SJ) தரத்திலோ அதற்கு மேலோ இருந்தால் அதையே ஊற்றலாம். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, துவாரத்தின் வழியே சாய்த்தால் பழைய ஆயில் முழுக்க இறங்கிவிடும். செலவு ரொம்பக் குறைவு, நேரம் பத்து நிமிடம். இதைச் செய்ய முடியாது என்பவர் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கக் கூடாது.

பழுது பார்ப்பதில் டூ ஸ்ட்ரோக்தான் சுலபம், ஒப்புக்கொள்ள வேண்டும். வால்வு இல்லை, கேம் இல்லை. சூடானபின் பிக்கப் குறைந்து இழுவை போய்விட்டால் முதலில் சைலன்சரைப் பாருங்கள். வெளியேறும் வாயில் ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும், அது கரி ஏறி அடைத்திருக்கும். கழற்றிப் பித்தளை பிரஷால் தேய்த்து மாட்டினால் பழைய வேகம் திரும்பும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் சூடானபின் ஸ்டார்ட் ஆக மறுத்தால் வால்வு இடைவெளி இறுகியிருக்கலாம். ஜிஎக்ஸ்35-இல் இன்டேக் 0.08 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.11 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பிடித்துப் பழகியவருக்கு அது பெரிய வேலை இல்லை, மற்றவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது. சில ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் ஏறி, அடுத்த முறை வெள்ளைப் புகை கக்கும். ஆயில் அதிகமாக ஊற்றினாலும் இதே கதை.

ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றுபோனால், எந்த வகையாக இருந்தாலும், பிரித்துப் போடுவதற்கு முன் பெட்ரோல் டேங்கு மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து கறுப்பாக இருந்தால் சோக் அதிகமாகப் போட்டதாலோ ஏர் ஃபில்டர் அடைத்ததாலோ வந்தது. காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. வளைத்த கம்பியால் டேங்கு ஃபில்டரை வெளியே இழுத்து மாற்றுங்கள். கார்புரேட்டரைப் பிரிக்கும்போது பிரைமர் பக்கத்து நான்கு திருகுகளைக் கழற்றியதும் கேஸ்கட் எது, டயாஃப்ரம் எது, எது மேலே இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் நல்ல கார்புரேட்டரும் வேலை செய்யாது.

சரி, எதை வாங்குவது? நீங்களே ஓட்டுவதாக இருந்து, மாதக்கணக்கில் கிடப்பில் போடும் பழக்கமும் இருந்தால், ஃபோர் ஸ்ட்ரோக்தான் என் தேர்வு. பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும், புகையும் முகத்தில் அடிக்காது. ஆள் வைத்து ஓட்டுவதாக இருந்தாலும் அதுதான். வேலைக்கு வந்தவர் வழியில் பாட்டிலில் வெறும் பெட்ரோல் பிடித்து வந்து டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றிவிட்டால், அரை டேங்கு தீர்வதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்தப் பயம் இல்லை, காலையில் ஆயில் மட்டும் நீங்கள் பார்த்துக் கொடுத்தால் போதும்.

மலைச்சரிவு, வரப்பு, தோளில் வெகுநேரம் சுமக்கும் வேலை என்றால் டூ ஸ்ட்ரோக். எடை குறைவு, எப்படிச் சாய்த்தாலும் ஓடும், சின்ன ஊரில்கூட அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். ஒன்று மட்டும், கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் சேர்த்து வைக்காதீர்கள். தேவைக்கு அரை லிட்டர் கலந்து, வேலை முடிந்ததும் மிச்சத்தை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அப்புறம் சுவரில் மாட்டுங்கள்.