சொந்தக் கார், டாக்சி, ஆக்டிங் டிரைவர்: சென்னையில் எதற்கு எது?

மேடவாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம் சுமார் 20 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அம்மாவின் சிகிச்சைக்காக இரண்டு ஆண்டுகளாக வாரம் இரண்டு முறை இந்தத் தூரத்தைப் போய்வருகிறோம். காரை நானே ஓட்டிப் போயிருக்கிறேன், செயலியில் டாக்சி பிடித்துப் போயிருக்கிறேன், என் காருக்கே ஆக்டிங் டிரைவர், அதாவது அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்து நம் காரை ஓட்டித் தருபவர், வைத்தும் போயிருக்கிறேன். எது நல்லது என்று கேட்கிற நண்பர்கள் எல்லோரும் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்றே தொடங்குகிறார்கள். சென்னைக்கு அந்தக் கணக்கு போதாது. வேளச்சேரி கைவேலியில் நெரிசல் என்றால் மூன்றும்தான் நிற்கும். போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை யார் பார்த்துக்கொள்வது, இறங்கியவர் கையை யார் பிடிப்பது என்பதில்தான் இவை மூன்றும் வேறுபடுகின்றன.

ஊரின் அளவு அப்படி. 2011-ல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. குடியிருப்புகள் தெற்கேயும் மேற்கேயும் பரவிவிட்டன. பெரிய மருத்துவமனைகள், ஜவுளிக் கடைகள், பல அலுவலகங்கள் இன்னும் பழைய நகருக்குள்ளேயே இருக்கின்றன. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் எங்கள் மேடவாக்கம் வழியாகத்தான் வருகிறது. அது முழுதாக ஓடத் தொடங்கும் நாளில் இந்த அலசலையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். அதுவரை காரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் சொந்தக் கார். எட்டு லட்சம் ரூபாய்க் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 12,870 ரூபாய் கட்ட வேண்டும். வண்டி ஓடினாலும் நின்றாலும் இந்தப் பணம் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு டாக்சிக்கு ஒரு வழிக்கு 500 ரூபாய் ஆகிறது. அப்படிப் பார்த்தால் இந்தத் தவணைப் பணத்திலேயே மாதம் 25 முறை டாக்சியில் போகலாம். காப்பீடு, சர்வீஸ், டயர் எல்லாம் தனி. மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பயணம்தான் என்பவர் புதிதாகக் கார் வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன். ஏற்கெனவே வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி இருக்கிறது. நெரிசலில் என் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் கொடுப்பதில்லை. போய்வர 40 கிலோமீட்டருக்கு 335 ரூபாய் ஆகிறது. மூன்றில் இதுதான் மலிவு.

ஆனால் மருத்துவமனை வாசலை அடைந்ததும் இந்த மலிவு எனக்கு உதவவில்லை. போர்ட்டிகோவில் காரை நிறுத்தி அம்மாவை இறக்குவதற்குள் காவலர் விசில் ஊதத் தொடங்கிவிடுவார். பின்னால் ஆம்புலன்ஸ் வரும் வழி அது, அவரைக் குறை சொல்ல முடியாது. உள்ளே நிறுத்துமிடம் நிரம்பியிருக்கும். ஒருநாள் அம்மாவை வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்துத் தெருக்களில் நாற்பது நிமிடம் இடம் தேடினேன். திரும்பி வந்தபோது அம்மாவின் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கையில் கோப்பை இறுகப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளியோடு துணைக்குப் போகிறவர் ஒரே ஆள் என்றால் அவர் காரை ஓட்டக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

டாக்சியில் இந்தத் தொல்லை இல்லை. வாசலில் இறங்கினால் வண்டியைப் பற்றிய கவலை அதோடு தீர்ந்தது. தி. நகருக்குத் துணி எடுக்கப் போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு டாக்சியைச் சொல்வேன். உஸ்மான் சாலைப் பக்கம் காரை எடுத்துப் போய்விட்டு நிம்மதியாகப் புடவை பார்த்தவர்களை நான் கண்டதில்லை. விமான நிலையத்துக்குப் போவதற்கும் டாக்சி நல்லது. வந்து இறங்கும்போது மட்டும் பெட்டிகளோடு அடுக்குமாடி கார் நிறுத்தத்துக்குப் போய் ஏற வேண்டும். முதியவர்கள் உடன் இருந்தால் அந்த நடையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

டாக்சியின் பலவீனம் அது வருமா வராதா என்பதில் இருக்கிறது. பதிவு செய்ததும் ஓட்டுநர் அழைத்து, எங்கே போக வேண்டும், பணமாகத் தருவீர்களா என்று கேட்பார். மேடவாக்கம் என்றதும் சில நேரம் ரத்தாகிவிடும். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. பேசிப் பார்த்த பிறகு அவர்கள் பக்கமும் புரிந்தது. நம்மை ஏற்றிக்கொள்ள வருகிற மூன்று நான்கு கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. மாலையில் இவ்வளவு தொலைவு வந்தால் திரும்பிப் போகச் சவாரி கிடைப்பதும் உறுதியில்லை. செயலி வழியாகக் கட்டிய பணம் கைக்கு வருவதற்குள் எரிவாயு நிரப்பியாக வேண்டும். காரணம் நியாயமானதுதான். ஆனாலும் சிகிச்சை முடிந்து தளர்ந்து நிற்கிற ஒருவரை மூன்று முறை ரத்தான பதிவோடு வாசலில் நிற்க வைப்பது கொடுமை. மழை பெய்தால் கட்டணமும் ஏறும். மத்திய அரசின் 2025 வழிகாட்டுதல்கள் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை அனுமதிக்கின்றன.

சக்கர நாற்காலி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகரில் ஓடும் டாக்சிகளில் பல சி.என்.ஜி. வண்டிகள். டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். மடக்கிய நாற்காலி உள்ளே போகாது. முன் இருக்கையில் அதைச் சாய்த்து வைத்து, வழி முழுக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பதிவு செய்யும்போதே பெரிய வண்டியாகக் கேட்பது நல்லது.

மூன்றாவது, ஆக்டிங் டிரைவர். பலர் இதைக் கல்யாணத்துக்கும் திருப்பதிப் பயணத்துக்கும் மட்டும் நினைக்கிறார்கள். நான் எட்டு மணி நேரத்துக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறேன். பெட்ரோலோடு 1,335. டாக்சியில் போய்வருவதைவிட 335 ரூபாய்தான் கூடுதல். அந்தப் பணத்துக்குக் கிடைப்பதைச் சொல்கிறேன். வாசலில் இறங்கி, நாற்காலியை விரித்து, அம்மாவோடு நான் நேராக உள்ளே போய்விடுகிறேன். இடம் தேடும் வேலை அவருடையது. முடிந்ததும் ஒரு அழைப்பு போதும். அடைமழை பெய்த ஒருநாள், போர்ட்டிகோவின் விளிம்பை ஒட்டிக் காரை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, கதவுக்கும் கூரைக்கும் இடையில் குடையை விரித்துப் பிடித்தார். அம்மாவின் தலையில் ஒரு துளி விழவில்லை.

சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. உரிமம் செல்லுபடியாகிறதா என்று முதல் நாளே பாருங்கள். உங்கள் காப்பீட்டில் சம்பள ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்புப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டுக்கு 50 ரூபாய் பிரீமியத்தில் வருகிற பாதுகாப்பு அது. கிளட்சும் பிரேக்கும் எப்படிப் பிடிக்கும் என்பதைத் தெருமுனை வரை ஓட்டச் சொல்லிக் காட்டுங்கள்.

ஓட்டுநருக்கு நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பல மருத்துவமனைகளில் ஓட்டுநர்கள் உட்கார ஓர் அறைகூடக் கிடையாது. மே மாதத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, கொதிக்கிற காருக்குள்ளேயே கிடக்கிறார்கள். சாப்பாட்டுப் பணத்தைக் கூலியில் கழிக்காமல் தனியாகக் கொடுங்கள். எட்டு மணி நேரம் என்று பேசியிருந்தால் எட்டாவது மணியில் விடுங்கள். தாண்டினால் அவர் கேட்கும்வரை காத்திராமல் சேர்த்துக் கொடுங்கள். அவருடைய இருசக்கர வாகனத்தை உங்கள் குடியிருப்புக்குள் நிறுத்த இடம் வாங்கித் தாருங்கள். இரவில் பஸ் இல்லாத நேரத்தில் அவர் வீடு போய்ச் சேர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இன்னொரு கவலை சேரும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் போகாது. அந்த நாட்களில் டாக்சியும் எளிதில் வராது. வெளியே போவதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போட வேண்டியதுதான்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. செவ்வாயும் வெள்ளியும் ஆக்டிங் டிரைவர். கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் டாக்சி. ஞாயிறு அதிகாலையில் மட்டும் நான் ஓட்டுகிறேன், பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அம்மா முன் இருக்கையில். இரண்டு ஓட்டுநர்களின் எண்களைக் கைபேசியில் வைத்திருக்கிறேன். முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிட்டால் இருவரில் ஒருவர் நிச்சயம் வந்துவிடுகிறார்.