ஹனோயில் 1945-ஐக் காட்டும் நடைச் சுற்றுலா: ஒரு மதிப்புரை

வியட்நாமின் விடுதலைக் கதையை நெல்லிலிருந்து தொடங்குவதே, ஹனோய் நகரில் உள்ளூர் வழிகாட்டிகள் நடத்தும் இந்த அரைநாள் சுற்றுலாவின் பெருஞ்சிறப்பு. ஹாய் பா ட்ருங் பகுதியில், குறுகிய சந்து ஒன்றினுள் வீடுகளுக்கு நடுவே இருக்கும் பஞ்ச நினைவிடத்துக்குத்தான் முதலில் அழைத்துச் செல்கிறார்கள். 1944-45 பஞ்சத்தில் மாண்டவர்களின் எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்த இடம் அது.

அங்கே வழிகாட்டி தந்த விளக்கம் தெளிவானது. நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்கள் கையிலும் படைபலம் ஜப்பானியர் கையிலும் இருந்த அந்த ஆண்டுகளில், உழவர்கள் சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக்கு அரசுக்கு நெல் அளந்தே ஆக வேண்டியிருந்தது. விளைச்சல் பொய்த்தவர்கள்கூட வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கி வந்து அளந்தார்கள். நெல் விளைந்த வயல்களில் போர்த் தேவைக்காகச் சணல் பயிரிட வைத்தார்கள். 1944-இன் பிற்பகுதியில் புயலும் வெள்ளமும் வடக்கைத் தாக்கியபோது, தெற்கிலிருந்து அரிசி வர வேண்டிய பாதைகளை நேச நாடுகளின் குண்டுவீச்சு சிதைத்திருந்தது. சணல் நார்க் கற்றை ஒன்றை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, வோ ஆன் நின் எடுத்த பஞ்சப் புகைப்படங்களை வழிகாட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். சிறு பிள்ளைகளுடன் செல்வோர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

1941-இல் உருவான, ஹோ சி மின் தலைமையிலான வியட் மின் என்ற விடுதலை முன்னணி எப்படி மக்கள் இயக்கமானது என்பதற்கு இங்கே நேரடியான விடை கிடைக்கிறது. ஊரார் பட்டினி கிடக்கையில் நிரம்பிக் கிடந்த களஞ்சியங்களை உடைத்து நெல்லைப் பங்கிட அது மக்களைத் திரட்டியது. சோறு கேட்டு வந்தவர்களுக்கு அது சுதந்திரப் போராட்டமாகவும் ஆயிற்று. அதன்பின், வியட் மின் ஹனோயைக் கைப்பற்றிய ஆகஸ்ட் எழுச்சியின்போது, 1945 ஆகஸ்ட் 19 அன்று பெருங்கூட்டம் திரண்ட ஓபரா மாளிகைச் சதுக்கத்தில் நிற்கும்போது, அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

குறை ஒன்று உண்டு. அதே ஆண்டு மார்ச் 9 அன்று ஜப்பானியர் பிரெஞ்சு நிர்வாகத்தைக் கவிழ்த்ததை இரண்டே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். அதை விளக்காமல் ஆகஸ்ட் எழுச்சியின் வேகம் புரியாது. ஆனால் பா தின் சதுக்கத்தில், செப்டம்பர் 2 அன்று அங்கே வாசிக்கப்பட்ட சுதந்திரப் பிரகடனம் குறிப்பிடும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகளைப் பற்றிப் பேசுகையில், ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் மாறுபடுவதையும் மறைக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மைக்காகவே இச்சுற்றுலாவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். விளக்கம் எளிய ஆங்கிலத்தில்தான். நினைவிடத்திலிருந்து சதுக்கத்துக்கு வண்டி ஏற்பாட்டையும் அவர்களே செய்கிறார்கள்.