வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்: கதை நடத்துபவருக்கான அரக்கர் நூல்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் நண்பர்களுக்கு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும், ஒருவர் கதை நடத்த மற்றவர்கள் பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தை நடத்திவரும் நான், 2016இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட இந்தத் துணைநூலையே அதிகம் புரட்டுகிறேன். பின்பகுதியில் அரக்கர்களின் சண்டைக்கான எண்களைத் தரும் புள்ளிவிவரப் பக்கங்களைவிட, அரக்கர்களின் வாழ்முறையை விவரிக்கும் முதல் அத்தியாயமே இதன் உயிர். பெஹோல்டர் என்னும் பல கண் உயிரி தன்னினத்து இன்னொன்றைக் கனவில் கண்டால் அக்கனவே உருக்கொண்டு புதிய பெஹோல்டராகிவிடக்கூடும் என்றும், அது மிதந்தே செல்வதால் அதன் இருப்பிடத்தில் செங்குத்தான சுரங்கங்கள் இருக்கும் என்றும் படிக்கையில், ஒரு மாலை ஆட்டத்துக்கான கரு தானாகவே கிடைத்துவிடுகிறது. பேரம்பேசி மனிதரைச் சிக்கவைக்கும் ‘ஹாக்’ என்னும் சூனியக் கிழவிகளை, சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் யட்சியின் கதை கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்களுக்குப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை (அப்படியிருந்தும் பேரத்துக்கு முந்திக்கொண்டு போகிறார்கள் என்பது வேறு விஷயம்). ஆட்டக்காரர்கள் ஏற்று ஆடுவதற்கான இனங்களைப் பற்றிய பகுதி சுமார்தான். 2022இல் வந்த ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ்’ இந்நூலின் அரக்கர்களைத் திருத்தித் தொகுத்திருந்தாலும், வாழ்முறை விவரணைகளைப் பெருமளவு விட்டுவிட்டது. சண்டைக்கு மட்டும் அரக்கர் தேடுவோருக்கு அது போதும்; கதை பின்னுவோர் பழைய பிரதியின் விலை சற்றுக் கூடினாலும் இதையே வாங்கலாம்.