கிராம சபைக் கூட்டம்: நோட்டீஸ் முதல் தீர்மான நகல் வரை ஒரு மதிப்பீடு

கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அந்த வகையில் கிராம சபைக்கு நிகரான அரசு சேவை தமிழ்நாட்டில் வேறில்லை. முன்பு ஆண்டுக்கு 4 கூட்டங்கள் நடந்தன. 2022-இல் உலக நீர் நாளும் உள்ளாட்சிகள் நாளும் சேர்ந்ததால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என இப்போது 6. கேட்க வாய்ப்பு தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் மைக்கில் பேசியதற்கு மறுநாள் மதிப்பில்லை. தீர்மானப் பதிவேட்டில் ஏறியதுதான் கணக்கு. இந்த சேவையை அதை வைத்தே எடைபோட வேண்டும்.

முன்னறிவிப்பில் மதிப்பெண் குறைவு. 7 நாள் முன்பே இடம், நேரம், கூட்டப் பொருள் (அஜெண்டா) எல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டும். பல ஊர்களில் முதல் நாள் மாலை ஆட்டோவில் ஒலிபெருக்கி போவதோடு சரி. நம் பிரச்சினை பொருளில் இடம்பெற வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு முன்பே மனுவை இரண்டு படியாக எழுதி, ஒன்றை ஊராட்சி செயலரிடம் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு கையொப்பமும் முத்திரையும் வாங்கிவிட வேண்டும். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (கிராம ஊராட்சிகள்) போடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குக் கூட்டத்தில் தயாராக ஒரு பதில் இருக்கும்: "அது இன்றைய பொருளில் இல்லைங்க."

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டுமானால் வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை எட்டத்தான் கையெழுத்து விளையாட்டு நடக்கிறது. கூட்டம் தொடங்குமுன்பே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நூறு நாள் வேலைக்காரப் பெண்களை வரவழைத்து, கையெழுத்துப் போட்டதும் அனுப்பிவிடுவார்கள். தேதியும் தலைப்பும் எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானங்களை வாசித்து முடித்த பிறகு போட்டாலும் அது செல்லும்.

தலைவர் தலைமை தாங்குவது வழக்கம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபின் அந்தப் பொறுப்பு தலைவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட அரசு அதிகாரியான தனி அலுவலரிடம் போனது. ஒரே நாளில் எல்லா ஊரிலும் கூட்டம் என்பதால் அவரால் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. எனவே கவனிக்க வேண்டிய ஆள் பற்றாளர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் அலுவலரைப் பற்றாளராக அனுப்புவார்கள். நடந்ததை மேலே தெரிவிப்பவர் அவர்தான். பெயரையும் பதவியையும் முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தலைவரின் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதில் சொன்னால், அவரும் மற்றவர்களைப் போல ஒரு வாக்காளர் மட்டுமே என்று பற்றாளரிடமே சொல்லலாம்.

கணக்குக் கேட்கும் பகுதிதான் இந்த சேவையின் உயிர். வரவு செலவுச் சுருக்கத்தைப் படிவம் 30-இல் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பெரும்பாலும் ஃபிளெக்ஸில் அடித்து மேடைக்குப் பின்னால் கட்டியிருப்பார்கள். முன்னால் கொண்டுவரச் சொல்லிப் படம் எடுங்கள். "ஊழல் நடக்குது" என்று தொடங்கினால் பத்து நிமிடச் சண்டையில் விஷயம் முடிந்துவிடும். மோட்டார் பழுது, தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிடியுங்கள்: எந்த மோட்டார், எந்த மாதம், பில் யார் பெயரில், பழைய உதிரி எங்கே? ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியச் செலவு, இ-கிராம் ஸ்வராஜ் என்ற அதன் இணையதளத்தில் ஊராட்சிவாரியாக இருக்கிறது. அதை அச்செடுத்துப் போனால் பதில் சொல்பவரின் குரல் தானாகவே இறங்கும்.

வீடியோ எடுக்கக் கூடாது என்று யாராவது தடுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். கூட்டப் படங்களை அலுவலர்களே "நம்ம கிராம சபை" செயலியில் ஏற்றுகிறார்கள். நமக்கு மட்டும் என்ன தடை? 2023 அக்டோபர் 2 அன்று விருதுநகர் மாவட்டம் பிள்ளையார்குளத்தில் கேள்வி கேட்ட விவசாயியை ஊராட்சி செயலர் காலால் உதைத்தார். காணொளி வெளியே வந்ததால்தான் அது ஊர் எல்லையைத் தாண்டிப் பேசப்பட்டது. செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நம் பக்கமும் கட்டுப்பாடு வேண்டும். பதிவேட்டைப் பிடுங்குவது, மேசையைத் தள்ளுவது, வழிமறிப்பது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 132 (அரசு ஊழியரைத் தாக்குதல்), 221 (அவர் பணியைத் தடுத்தல்) பிரிவுகளுக்கு நாமே கொடுக்கும் விருந்து. கேள்வி கேட்பது குற்றமில்லை.

தீர்மானம் எழுதும் இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "குடிநீர்ப் பிரச்சினை சரிசெய்யப்பட வேண்டும்" என்ற வரியால் யாரையும் எதுவும் கேட்க முடியாது. "3-ஆவது வார்டு கிழக்குத் தெரு மேல்நிலைத் தொட்டியின் உடைந்த வால்வை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து 30 நாளுக்குள் மாற்றுவது" என்று இடம், வேலை, நிதி, கெடு நான்கும் வர வேண்டும். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லி, தீர்மான எண் போட்டதும் பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள். ஒரு வரம்பும் உண்டு: டாஸ்மாக் கடை, குவாரி போன்றவை ஊராட்சியின் அதிகாரத்தில் இல்லை, அங்கே தீர்மானம் மாவட்ட ஆட்சியருக்கான கோரிக்கைதான். 2013-இல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிறுத்தின என்றால், அதற்குப் பின்னால் வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்ற உத்தரவும் இருந்தன.

விற்பனைக்குப் பிந்தைய சேவை மிக மோசம். தீர்மான நகல் கேட்டால் அலையவிடுவார்கள். அலைய வேண்டாம்: 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, கூட்டத் தேதியும் தீர்மான எண்ணும் குறிப்பிட்டு, நகலோடு "எடுத்த நடவடிக்கை விவரம்" என்றும் சேர்த்துத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பணம் போன வழியே தவறு என்றால் ஊராட்சிகளின் ஆய்வாளரான ஆட்சியருக்கும், உள்ளாட்சி முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கும் (ஆம்புட்ஸ்மேன்) மனு போடலாம். அதனோடு முத்திரை வாங்கிய மனு, படிவம் 30 படம், தீர்மானப் பக்கம் மூன்றையும் தேதி வரிசையில் இணையுங்கள்.