முந்திரி ஆகாத பெண் அமெரிக்கக் கல்லூரியில் எங்கே சாப்பிடுவாள்?

என் அக்கா மகள் இந்த ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் இளநிலைப் படிப்பில் சேருகிறாள். அவளுக்கு முந்திரி, பிஸ்தா, வேர்க்கடலை மூன்றும் ஆகாது. எனக்கு முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது. இவை இரண்டும் நெருங்கிய உறவுக் கொட்டைகள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் மற்றொன்றும் ஒத்துக்கொள்ளாது. நானும் அந்த நாட்டில் நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்தவள் என்பதால், வீட்டில் நடக்கும் வழக்குக்கு என்னை நடுவராக்கிவிட்டார்கள். "கண்ட இடத்தில் சாப்பிட வேண்டாம், அவளே சமைத்துக்கொள்ளட்டும்" என்பது அக்காவின் கட்சி. "பல்கலைக்கழகத்திலேயே ஒவ்வாமைக்காரர்களுக்குத் தனிக் கவுண்டர் இருக்கிறது, அப்புறம் என்ன கவலை?" என்பது அத்தானின் கட்சி.

உண்மையில் வழிகள் நான்கு. எல்லோருக்குமான பொது வரிசை, ஒவ்வாமைப் பொருள்களை விலக்கிய தனிக் கவுண்டர், முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கும் தனிச் சமையல், சொந்தச் சமையல். நான்கிலும் சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றிலிருந்து ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு தவறான நம்பிக்கையை அகற்றிவிட வேண்டும். "அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு, எதில் என்ன இருக்கிறது என்று எழுதித்தான் ஆகவேண்டும்" என்று அத்தான் சொல்கிறார். சட்டம் உண்டு. 2004இல் இயற்றி 2006இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், பால், முட்டை, மீன், நண்டு இறால் வகைகள், மரக்கொட்டைகள் (முந்திரி, பிஸ்தா, பாதாம், வால்நட் போன்றவை), வேர்க்கடலை, கோதுமை, சோயா என எட்டுப் பொருள்களை லேபிளில் குறிப்பிடச் சொல்கிறது. 2023 தொடக்கத்தில் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. ஆனால் இதெல்லாம் பாக்கெட் உணவுக்குத்தான். கல்லூரிச் சமையலறையில் சமைத்துத் தட்டில் போடும் உணவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பாக்கெட்டிலும்கூட, "வேர்க்கடலையின் சுவடு இருக்கலாம்" என்ற எச்சரிக்கையைப் போடுவதும் போடாததும் நிறுவனத்தின் விருப்பம். அது இல்லாத பாக்கெட் பாதுகாப்பானது என்று பொருளில்லை.

ஆகவே உணவுக்கூடத்தில் ஒவ்வொரு தட்டுக்கு முன்னும் நிற்கும் சிறு அட்டை, பல்கலைக்கழகத்தின் அக்கறையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நான் பார்க்கக் கற்றுக்கொண்டது கரண்டியை. அசைவம் கிளறிய கரண்டியைச் சாம்பாரில் போடாத வீடுகள் நம்மிடையே ஏராளம். அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்கவே வேண்டாம். கொட்டை ஒவ்வாமை என்பது அதே கண்டிப்பை உயிர்ப் பயத்தோடு கடைப்பிடிப்பது.

பொது வரிசை அந்தக் கண்டிப்பைக் கேலி செய்யும் இடம். இருபது முப்பது பாத்திரங்கள், ஆளுக்கொரு அவசரம். சாலட் பகுதியில் வால்நட் துண்டுகளும் வெள்ளரித் துண்டுகளும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும். யாரோ ஒருவர் வால்நட் கரண்டியால் வெள்ளரியை எடுத்துப்போட்டுக்கொண்டு போய்விடுவார். காலைச் சிற்றுண்டிப் பகுதியில் வேர்க்கடலை வெண்ணெய் திறந்தே இருக்கும். அதைத் தடவிய கத்தி ஜாம் பாட்டிலுக்குள் போகும், ரொட்டி வாட்டும் இயந்திரத்தின் கம்பிகளில் துகள் ஒட்டியிருக்கும். வாசலில் கை சுத்தம் செய்யும் ஜெல் வைத்திருப்பார்கள். அது கிருமிக்கு ஆகும், கடலைப் புரதத்துக்கு ஆகாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால்தான், அல்லது ஈரத் துடைப்புத் தாளால் துடைத்தால்தான் அது போகும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நம் பிள்ளைகளில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஊரை விட்டுப் போன பெண், மாட்டிறைச்சி வாசனை வரும் கிரில் பக்கம் திரும்பாமல் நேராக "வீகன்", அதாவது இறைச்சியோடு பாலும் முட்டையும்கூட இல்லாத உணவு, என்ற பலகை தொங்கும் இடத்துக்குத்தான் போவாள். அங்கேதான் முந்திரி ஒளிந்திருக்கிறது. பாலும் வெண்ணெயும் சேர்க்காமல் கொழகொழப்பு வரவேண்டுமென்றால் சமையல்காரருக்குக் கிடைத்த குறுக்குவழி ஊறவைத்து அரைத்த முந்திரிதான். நம் குருமாவின் ரகசியத்தையே அவர்கள் சூப்பிலும் பாஸ்தாவிலும் "சீஸ்" என்ற பெயரிலும் கலக்குகிறார்கள். பால் வேண்டாமென்றால் பாதாம் பால். கோதுமை வேண்டாமென்றால் பாதாம் மாவுக் கேக். கோதுமைப் புரதம் இல்லாதது என்று போட்டிருந்தால் கொட்டையும் இல்லாதது என்று நினைத்து ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

நானும் ஏமாந்தவள்தான். முதல் பருவத்தின் ஆறாவது வாரம், காளான் சூப். முன்னால் நின்ற அட்டையில் கொட்டைக் குறி இல்லை. அது மதிய உணவின் அட்டை. இரவு உணவுக்கு மாற்ற மறந்திருக்கிறார்கள். இரண்டு வாய் குடித்ததும் உதடு அரித்தது, தொண்டை கட்டியது. எதிரே மாட்டுக்கறி பர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறைத்தோழி, ஒவ்வாமையை அடக்கும் என் அட்ரினலின் ஊசியை எடுத்து என் தொடையில் குத்தினாள். அவளுடைய தட்டில் இருந்தது இறைச்சி, உப்பு, மிளகு, ரொட்டி மட்டும். அன்று அந்த அறையில் என்னைவிடப் பாதுகாப்பான சாப்பாடு அவளுடையது என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

தீபாவளியை ஒட்டி வரும் "இந்திய இரவு" தனி ரகம். வீட்டு ஏக்கத்தில் வாய் ஊறும். பனீர் மசாலாவிலிருந்து பாயசம் வரை முந்திரி இல்லாத பண்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு நான் அறையில் ரசம் சாதம்.

தனிக் கவுண்டர் இதற்கு மாற்றாக வந்தது. கல்லூரிகளுக்குச் சமைத்துத் தரும் பெரிய ஒப்பந்த நிறுவனங்கள் இதைத் தனிப் பெயரிட்டே நடத்துகின்றன. சொடெக்ஸோவின் "சிம்பிள் சர்விங்ஸ்" அதில் ஒன்று. வேர்க்கடலை, மரக்கொட்டை, பால், முட்டை, கோதுமை, சோயா எல்லாம் விலக்கிய சமையல், தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. பரிமாறுவதும் ஊழியரே. நாமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இதன் முழுப் பலம். மாணவர் கை படாத பாத்திரம் என்றால் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது.

அத்தான் சொல்வது இவ்வளவு தூரம் சரி. ஆனால் அங்கே என்ன சாப்பிடுவது? கோழி, சோறு, வேகவைத்த காய். அசைவக்காரருக்கு இது ராஜபோகம். சைவக்காரருக்கு? பால் இல்லை, முட்டை இல்லை, சோயா இல்லாததால் டோஃபுவும் இல்லை. மிஞ்சுவது சோறும் ப்ரோக்கோலியும். பருப்போ பயறோ போட்டால் உண்டு. என் காலத்தில் வாரம் ஒருமுறை கறுப்பு பீன்ஸ் போட்டார்கள், அன்று வரிசையில் முதல் ஆள் நான். கொட்டை மட்டும் ஆகாத ஒருவருக்குப் பாலையும் முட்டையையும் சேர்த்துப் பறிப்பது தேவைக்கு மேற்பட்ட தண்டனை. பல இடங்களில் வார இறுதியில் இந்தக் கவுண்டரை மூடியும் விடுகிறார்கள். வயிறு வார இறுதியில் மூடாது.

இதையே பெரிதாக்கி, கூடம் முழுவதையும் கொட்டை இல்லாமல் நடத்தும் இடங்கள் சில உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரிஸ்லி உணவுக்கூடத்தில் வேர்க்கடலை, மரக்கொட்டை, கோதுமைப் புரதம் மூன்றுக்கும் இடமில்லை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் "த்ரைவ்" கூடம் லேபிள் சட்டம் சொல்லும் ஒன்பது பொருள்களையும் விலக்கியது. இப்படி ஒன்று இருக்கும் வளாகத்தில் இடம் கிடைத்தால் இந்த அலசலே வேண்டியதில்லை. அங்கே போய்ச் சாப்பிடலாம், நண்பர்களையும் இழுத்துக்கொண்டு போகலாம். அக்கா மகளின் கல்லூரியில் அது இல்லை.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெஸ்லி பல்கலைக்கழகத்துக்கும் அமெரிக்க நீதித் துறைக்கும் 2012 டிசம்பரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கட்டாய உணவுத் திட்டத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அந்த உணவைச் சாப்பிட முடியாத மாணவர்களுக்கு மாற்று தராதது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வரும் புகார் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பல்கலைக்கழகம் 50,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லி உணவு பெறவும், அதைத் தயாரிக்கத் தனி இடம் ஒதுக்கவும் ஒப்புக்கொண்டது. கடுமையான உணவு ஒவ்வாமையும் சட்டத்தின் கண்ணில் உடற்குறையாகலாம் என்பதை மற்றக் கல்லூரிகளும் அதிலிருந்து கவனித்துக்கொண்டன.

நடைமுறை இப்படி: மருத்துவரின் கடிதத்தோடு மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு உணவுக்கூடத்தின் உணவியல் நிபுணரையும் தலைமைச் சமையல்காரரையும் பார்க்க வேண்டும். அதன்பின் காலையிலேயே மின்னஞ்சலிலோ செயலியிலோ சொல்லிவிட்டால், மாலையில் பெயர் எழுதி மூடிய தட்டு காத்திருக்கும். எங்கள் சமையலறையில் இதற்கென ஊதா நிறத்தில் தனிப் பலகை, கத்தி, கிடுக்கி வைத்திருந்தார்கள். எனக்குச் சமைத்தவர் எல் சால்வடாரிலிருந்து வந்த ஓர் அம்மையார். பருப்பில் சீரகம் தாளிக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஒரு சமையல்காரர், ஓர் அடுப்பு, ஒரு தட்டு. இடையில் வேறு கை இல்லை. நான்கில் இதற்கே முதல் மதிப்பெண் தருகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. "இப்போது பசிக்கிறது, போவோமா?" என்று தோழிகள் கிளம்பும்போது என் தட்டு ஆறரை மணிக்குத்தான். அம்மையார் விடுப்பில் போன வாரம் வேறொருவர் வந்தார். முதல் நாள் நானே உள்ளே போய் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கூச்சப்படுகிற பிள்ளைக்கு இந்த வழி கடினம். பதினெட்டு வயதில் யாருக்குக் கூச்சமில்லை?

சொந்தச் சமையலைப் பற்றி அக்காவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சொல்கிறேன். முதலாண்டு மாணவர்கள் விடுதியில் தங்கி உணவுத் திட்டத்தில் சேருவதைப் பல கல்லூரிகள் கட்டாயமாக்கியுள்ளன. விலக்கு கேட்டுப் பெறாவிட்டால் சாப்பிடாத சாப்பாட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டிவிட்டு, மளிகைக்கு வேறு கட்ட வேண்டும். விடுதியின் பொதுச் சமையலறையில் நாற்பது பேரின் வாணலி. நேற்று அதில் யார் என்ன வறுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாம் ஆண்டில் தனி வீடு எடுத்தால் நிலைமை மாறும். அப்போதும் ஆபத்து நம் ஊரிலிருந்தே பார்சலில் வரும். உடன் தங்கும் பெண்ணின் அம்மா அனுப்பும் கடலைமிட்டாய், வேர்க்கடலை சேர்த்த சட்னிப் பொடி, செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் பொரித்த முறுக்கு. நன்கு சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. அதற்கு லேபிள் சட்டத்திலேயே விலக்கு உண்டு. செக்கெண்ணெய் அப்படியல்ல, புரதம் அதில் தங்கிவிடும். "மரபு எண்ணெய், உடம்புக்கு நல்லது" என்று யாராவது பாட்டிலை நீட்டினால் அக்கா மகள் இரண்டடி பின்னால் போக வேண்டும்.

என் தீர்ப்பு இது. முதலாண்டு முழுவதும் இரவு உணவுக்கு முன்பதிவுச் சமையல். மதியம் வகுப்புகளுக்கு இடையில் ஓடும்போது தனிக் கவுண்டர், கையில் ஒரு டப்பா தயிர். காலை உணவு அறையிலேயே: லேபிள் படித்து வாங்கிய ஓட்ஸ், வாழைப்பழம், பால். வேர்க்கடலை ஆகாதவள் ரொட்டி வாட்டும் இயந்திரத்தின் பக்கம் போகவே கூடாது. பொது வரிசைக்குப் போய்த்தான் தீரவேண்டும் என்ற நாளில், கதவு திறந்ததும் முதல் ஆளாக, கரண்டிகள் இடம் மாறுவதற்கு முன் போக வேண்டும். வீகன் பகுதியும் இனிப்புப் பகுதியும் எந்நாளும் விலக்கு. எனக்கு முந்திரி, பிஸ்தா மட்டும்தான் என்பதால் நான் இதைவிடத் தளர்வாக இருந்தேன். அவளுக்குக் கடலையும் சேர்வதால் அந்தத் தளர்வு கிடையாது.

எந்த வழியானாலும் அட்ரினலின் ஊசி இரண்டு எப்போதும் உடன் இருக்க வேண்டும். அறையில் விட்டுவந்த ஊசி இல்லாததற்குச் சமம். தொடையின் வெளிப்பக்கம், உடை மீதே குத்தலாம், குத்தியதும் அவசர உதவி எண் 911. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் இரண்டாவது. ஊசிக்குப் பயந்தவர்களுக்கு மூக்கில் பீய்ச்சும் "நெஃபி" 2024இல் அனுமதி பெற்று வந்திருக்கிறது, மருத்துவரிடம் கேட்கலாம். அரிப்பு மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் செய்யவே கூடாதது. அறைத்தோழிக்கு முதல் வாரத்திலேயே பயிற்சி ஊசியைக் கையில் கொடுத்துப் பழக்கிவிட வேண்டும். என்னைக் காப்பாற்றியது அந்தப் பத்து நிமிடப் பழக்கம்தான்.

இப்போது அக்கா மகள் உணவியல் நிபுணருக்கு முதல் மின்னஞ்சல் எழுதுகிறாள். "கடலை ஆகாது" என்று அவள் அம்மா சொல்லச் சொல்ல அப்படியே மொழிபெயர்த்து வைத்திருந்தாள். வேர்க்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா? நம் மொழியில் எல்லாம் கடலை. அவளுக்குக் கொண்டைக்கடலை நன்றாகவே ஒத்துக்கொள்ளும், அதையும் விலக்கிவிட்டால் புரதத்துக்கு எங்கே போவாள்? எழுதியதை அழிக்கச் சொல்லிவிட்டு, ஆகாத மூன்றையும் பெயர் பெயராக எழுதவைத்தேன். தேங்காயைத் தனி வரியில் போடச் சொன்னேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரி வரை தேங்காயையும் மரக்கொட்டைக் கணக்கில் வைத்திருந்தது. "மரக்கொட்டை" என்ற கட்டத்தில் நான் குறியிட்ட ஒரே காரணத்துக்காக, ஓர் ஆண்டு முழுக்க எனக்குத் தேங்காய்ப்பால் சேர்த்த எதையும் கண்ணில் காட்டவில்லை.

"தேங்காய் சாப்பிடுவேன், நிறையவே சாப்பிடுவேன் சித்தி, அப்படியே எழுதவா?" என்றாள். அப்படியே எழுதச் சொன்னேன்.