சென்னைத் துறைமுகமும் காட்டுப்பள்ளியும்: அரசின் பிடி எங்கே?

எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, உலகமயமாக்கல் ஏட்டுச் சொல் அன்று.

சென்னைத் துறைமுகம் ஒரு பெருந்துறைமுகம்; அதாவது, சட்டப்படி ஒன்றிய அரசின் கீழ் வருவது. 2001இல் அதன் கன்டெய்னர் முனையம் தனியாரிடம் சென்றது. இன்று அங்குள்ள இரு கன்டெய்னர் முனையங்களில் ஒன்றைத் துபாயின் டிபி வேர்ல்டும் மற்றொன்றைச் சிங்கப்பூரின் பிஎஸ்ஏவும் நடத்துகின்றன. வேடிக்கை என்னவென்றால், இவ்விரண்டுமே பெரும்பாலும் அந்தந்த அரசுகளின் உடைமைகள். நம் அரசு விலகிய இடத்தில் அயல் அரசுகளின் முதலீடு வந்து அமர்ந்திருக்கிறது. எனினும் நிலம் துறைமுக ஆணையத்திடமே உள்ளது, குத்தகைக்கும் காலவரம்பு உண்டு. தூசு பறக்கும் நிலக்கரியை இங்கே கையாளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டபோது, சரக்கு எண்ணூருக்கு மாறியது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம் மூச்சு விட்டது. எண்ணூரின் நிலை வேறு கதை.

எண்ணூருக்கு அருகே உள்ள தனியார் துறைமுகமான காட்டுப்பள்ளியை எல் அண்ட் டி கட்டியது. 2018இல் அதானி குழுமம் வாங்கியது. பெருந்துறைமுகம் அல்லாததால் மாநிலத்தின் கடல்சார் வாரியமே இதை மேற்பார்க்கிறது. வேகமும் முதலீடும் இங்கே கூடுதல். ஆனால் அன்றாட நிர்வாகம், கட்டணம் இரண்டிலும் நிறுவனத்தின் கையே ஓங்கியிருக்கிறது. பொதுநலக் கட்டுப்பாடு என்ற அளவில் என் தெரிவு சென்னையே. ஆனால் 2021ஆம் ஆண்டின் சட்டம் பெருந்துறைமுகங்களின் புதிய தனியார் ஒப்பந்தங்களிலும் சந்தைக் கட்டணத்தை அனுமதித்ததால், அந்த இடைவெளி சுருங்கி வருகிறது. சுங்கத்துறை மட்டும் இரு வாயில்களிலும் ஒன்றிய அரசிடமே இருக்கிறது.