பாண்டியில் ஒரு நரம்பு ஆஸ்பத்திரி: அம்மாவின் கன்னத்து வலிக்காக ஆறு முறை போய் வந்தவன் எழுதுவது

அம்மாவுக்கு வலது பக்கக் கீழ்த்தாடையில் இப்போது இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. இரண்டும் நல்ல பற்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு பற்களால்தான்.

எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் வைண்டிங் கடை. போர் மோட்டார், கிரைண்டர், மிக்ஸி, ஃபேன், எது எரிந்து போனாலும் காயில் கட்டிக் கொடுப்பது தொழில். அம்மாவுக்கு 63 வயது. போன வருஷம் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி பார்த்துக்கொண்டு நின்றோம். கடற்காற்று முகத்தில் அடித்தது. அம்மா "ஐயோ" என்று கன்னத்தைப் பிடிக்கப் போனவர், பிடிக்காமல் கையை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டார். அரை நிமிஷம்கூட இருக்காது, வலி போய்விட்டது. "சுரீர்னு கரன்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சுடா" என்றார். கரன்ட் அடி வாங்கிப் பழகிய குடும்பம் என்பதால் நானும் சிரித்துவிட்டேன். சொத்தைப் பல்லாக இருக்கும் என்று அடுத்த நாள் பல் டாக்டரிடம் போனோம்.

முதலில் வேர் சிகிச்சை செய்தார்கள். வலி நிற்கவில்லை. அந்தப் பல்லையே பிடுங்கினார்கள். பத்து நாள் கழித்து அதே இடத்தில் அதே மின்னல். பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். மூன்றாவது பல்லுக்கு நாள் குறித்த பிறகு எனக்கே சந்தேகம் வந்து வேறு ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பல்லுல ஒண்ணும் இல்ல சார், இது நரம்பு. இனிமே யாரையும் பல்லப் பிடுங்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஃபீஸ்கூட வாங்கவில்லை. முதல் டாக்டர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் இந்த வலி ஈறிலும் பல்லிலும்தான் வெட்டும், இந்த நோய் வந்தவர்களில் நிறையப் பேர் முதலில் பல் நாற்காலியில்தான் போய் உட்காருகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அதற்குள் அம்மா ஆளே மாறியிருந்தார். முகத்துக்கு மஞ்சள் பூசுவதை நிறுத்திவிட்டார். வெற்றிலை போடுவது போயிற்று. சோற்றைக் கஞ்சியாகக் கரைத்து இடது பக்கமாகவே விழுங்குவார். பேசினால் வலி வரும் என்று பயந்து வீட்டில் பேச்சே குறைந்துபோனது. ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்குவார். அதனாலேயே பக்கத்து வீட்டில், "வலின்னா ராத்திரி தூக்கம் வருமா? மனசுதான்" என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கும் 'நரம்பு டாக்டர்' என்றதும் ஒரு தயக்கம். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு மனநோய் டாக்டர் என்றும் ஒரு அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பாண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வாசலில் 'மூளை, முதுகுத்தண்டு, நரம்பு' என்று பெரிய போர்டு. குறைகளையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

கடலூரிலிருந்து பஸ்ஸில் போனோம். முள்ளோடை தாண்டும் வரைக்கும் ஜன்னல் ஷட்டரை இறக்கச் சொல்லி முன் சீட்டுக்காரரிடம் கெஞ்சிக்கொண்டே போனேன். அம்மா முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு, துணியும் கன்னத்தில் படாதபடி ஒரு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். அரியாங்குப்பம் வருவதற்குள் நாலு தடவை வெட்டியது.

வரவேற்பில் இருந்த பெண், "மூளையா, முதுகா, நரம்பா?" என்று கேட்டது. ஓட்டலில் இட்லியா தோசையா என்று கேட்கிற மாதிரி. நான் "முகம்" என்றேன். அது எதையோ தட்டி ஒரு டோக்கன் கொடுத்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் அவர் ஆபரேஷன் செய்கிற டாக்டர். இரண்டே கேள்வி கேட்டார். "இதுக்கு முதல்ல மாத்திரைதான், பக்கத்து ரூம்ல நியூராலஜிஸ்ட்டப் பாருங்க" என்று நல்லபடியாகவே அனுப்பிவிட்டார். ஆனால் கவுன்டரில் இன்னொரு 700 ரூபாய் கட்டச் சொன்னார்கள். தப்பு உங்களுடையதுதானே என்றேன். கம்ப்யூட்டரில் மாற்ற முடியாதாம். நான் எரிந்த மோட்டாரைக் கட்டிக் கொடுத்து அது ஓடவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் இரண்டாம் கூலி கேட்க முடியுமா? அதனால் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். நியூராலஜிஸ்ட் என்றால் மருந்தால் வைத்தியம் பார்ப்பவர். நியூரோ சர்ஜன் என்றால் ஆபரேஷன் செய்பவர். யாரைப் பார்க்க வேண்டும் என்பதை டோக்கன் போடும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பக்கத்து அறைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஐம்பது வயசு இருக்கும் டாக்டருக்கு. கையில் வைத்திருந்த பல் எக்ஸ்ரேக்களை நீட்டினேன், வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "எங்க வலிக்குதும்மா? ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார். அம்மா ஆட்காட்டி விரலை உதட்டோரத்திலிருந்து காது வரைக்கும் கொண்டுபோனார், ஆனால் இரண்டு அங்குலம் தள்ளியே. தொடவில்லை. டாக்டர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பல் வலிக்காரங்க கன்னத்த அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. இவங்க தொடவே பயப்படறாங்க பாருங்க" என்று பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரிடம் சொன்னார்.

அப்புறம் கேள்விகள். எத்தனை விநாடி இருக்கிறது? வலிக்கும் வலிக்கும் நடுவில் சுத்தமாக இல்லையா, மந்தமாக இருந்துகொண்டே இருக்கிறதா? பல் துலக்கினால் வருமா, முகம் கழுவினால், காற்றுப் பட்டால்? தூக்கத்தில் எழுப்புகிறதா? இடது பக்கம் எப்போதாவது வந்ததுண்டா? கன்னம் மரத்துப்போகிறதா, பார்வை மங்கியதா, கை கால் பலம் குறைந்ததா? பஞ்சைத் திரித்து நெற்றி, கன்னம், தாடை என்று இரண்டு பக்கமும் மெல்லத் தொட்டுப் பார்த்தார். பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடைத் தசையைப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அதுவரைக்கும் எந்த மெஷினும் ஓடவில்லை. பெயரைச் சொல்லிவிட்டார்: ட்ரைஜெமினல் நியூரால்ஜியா.

மூளையிலிருந்து முகத்துக்கு வரும் ஐந்தாவது நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல் தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கு. அது மூளைத் தண்டிலிருந்து கிளம்பும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் வளைந்து வந்து நரம்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். துடிக்கத் துடிக்க உரசி, நரம்பின் மேல் உறை தேய்ந்துவிடும். பிறகு தொடு உணர்ச்சி தான் போகிற இழையிலிருந்து பக்கத்து வலி இழைக்குத் தாவிவிடும். ஐம்பது வயதுக்கு மேல், அதுவும் பெண்களுக்குத்தான் அதிகமாம். அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான், "எனாமல் உரிஞ்ச காயில் மாதிரிங்களா சார்? ஒரு கம்பிலேருந்து பக்கத்துக் கம்பிக்கு ஷார்ட் ஆகுதே" என்றேன். அதேதான் என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். டாக்டரிடமும் கடைப் பேச்சா என்று.

எம்ஆர்ஐ எழுதினார். நோயைக் கண்டுபிடிக்க இல்லை, அது தெரிந்துவிட்டது. உள்ளே கட்டியோ வேறு நரம்பு நோயோ அதே இடத்தை அழுத்துகிறதா என்று பார்க்க. அந்த நரம்பை மெல்லிய துண்டு துண்டாகப் படம் எடுக்க வேண்டும் என்று சீட்டில் தனியாக எழுதியிருந்தார். கவுன்டரில் சாதா மூளை ஸ்கேன் என்று பில் போட்டுவிட்டார்கள். நான் சீட்டைக் காட்டிச் சண்டை போடாமல் இருந்திருந்தால் இன்னொரு தடவை எடுக்க வைத்திருப்பார்கள். பில்லையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்கேன் அறையில் மட்டும் மனசு நிறைந்தது. மூக்குத்தி, தோடு கழற்றினார்கள். கால் மெட்டி வராமல் சோப்பு போட்டு எடுத்தார்கள். தாலியைக் கழற்றச் சொன்னதும் அம்மா அப்படியே நின்றுவிட்டார். அந்த நர்ஸ் ஒரு வார்த்தை பேசாமல் டிராயரைத் திறந்து மஞ்சள் தடவிய நூல் கயிறு ஒன்றை எடுத்து, "இதக் கட்டிக்கிட்டு அதக் கழட்டுங்கம்மா" என்றது. டிராயரில் அப்படி ஒரு கட்டே இருந்தது. கோடிக்கணக்கில் மெஷின் வாங்குகிற இடத்தில் இந்தக் கயிற்றை யோசித்து வாங்கி வைத்த ஆள் யாரோ தெரியவில்லை. அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம்.

படத்தில் கட்டி எதுவும் இல்லை. ரத்தக்குழாய் வளையம் நரம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

மாத்திரை கார்பமாஸெபைன். 100 மில்லிகிராம், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. வலியைப் பார்த்து மெல்ல மெல்லக் கூட்டுவது. உடம்பில் சிவப்பாகத் தடித்தாலோ வாயில் புண் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். கீழே மருந்துக் கடையில் பையன் அட்டையைக் கொடுக்கும்போது, "ஃபிட்ஸ் எத்தன வருஷமா இருக்கு?" என்று கேட்டுவிட்டான். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்குக் காக்கா வலிப்பாடா? மறைக்கறீங்களா?" திரும்ப மாடி ஏறி, டாக்டரே வெளியில் வந்து, வலிப்புக்கும் இந்த வலிக்கும் ஒரே மாத்திரைதான், 1962-லிருந்தே இந்த வலிக்குக் கொடுத்து வருகிறார்கள் என்று சொன்ன பிறகுதான் அம்மா ஆட்டோவில் ஏறினார். ஒரு நாள் மாத்திரைச் செலவு ஒரு டீ விலையைத் தாண்டவில்லை. பற்களுக்குச் செலவழித்ததை நினைத்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வலி பாதியாயிற்று. இரண்டு வாரத்தில் அம்மா மஞ்சள் பூசினார்.

ஆனால் அந்த வாரமே தலைசுற்றல் ஆரம்பித்தது. அடுப்படியில் தள்ளாடினார், நாள் கிழமை குழம்பியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 127. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். டாக்டர் அம்மாவின் மாத்திரை அட்டைகளையெல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார். பிபி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்ததும், "இதுல நீர் பிரிய வைக்கிற மருந்து சேர்ந்திருக்கு. அதுவும் உப்ப இறக்கும், நான் கொடுத்ததும் இறக்கும்" என்றார். எங்கள் ஊர் பிபி டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டு மாத்திரையை மாற்றினார், இரண்டு நாள் அட்மிட் பண்ணிச் சரிசெய்தார்கள். முதல் நாளே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்தான். நான் "பிபிக்கு ஒண்ணு, வெள்ளையா இருக்கும்" என்று சொன்னேன். என் தப்பும் உண்டு. அப்பாயின்ட்மென்ட் போடும்போது, அட்டைகளை எடுத்து வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பார்க்கிங் டோக்கன் மறக்காதீர்கள் என்று மட்டும் மூன்று தடவை சொல்கிறார்கள்.

மற்றவை: சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை இருக்கிறது, கக்கூஸ் சுத்தம், லிஃப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டாம்.

மாத்திரை கேட்காமல் போனால் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்றார். காதுக்குப் பின்னால் நாணயம் அளவுக்கு எலும்பைத் திறந்து, ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் துளி டெஃப்லானை வைத்துப் பிரித்துவிடுவார்கள். டெஃப்லான் ஸ்லீவ் என் கடையில் சுருள் சுருளாகக் கிடக்கிறது, ஷார்ட் ஆகாமல் இருக்க நானும் அதைத்தான் மாட்டுகிறேன். "அப்படி ஒரு நிலைமை வந்தா கோரிமேட்டுல ஜிப்மர்லயும் ஒரு தடவ காட்டிட்டு முடிவு பண்ணுங்க" என்றும் அவரே சொன்னார். தன் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் டாக்டரை வைத்துக்கொண்டு இதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அம்மா மட்டும், "மண்டைய ஓட்டை போடற வேலையெல்லாம் வேணாம், மாத்திரையே போதும்" என்று முடித்துவிட்டார்.

போன வாரம் ஆறாவது முறை போனோம். இப்போது 200 மில்லிகிராம் இரண்டு வேளை, சோடியம் 136. டாக்டர் பழையபடி, "எங்க வலிச்சுதும்மா, காட்டுங்க" என்றார். அம்மா உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக் காட்டிவிட்டு, போன இரண்டு பல்லுக்கும் பதிலாகக் கட்டுப்பல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இன்னும் மூன்று மாதம் வலி இல்லாமல் போகட்டும், அதுவரைக்கும் அந்தப் பக்கம் யாரும் கை வைக்க வேண்டாம் என்றார் டாக்டர்.